சொந்தச் சுவர்

உக்காருங்க தம்பி, அந்தச் சேர்ல உக்காருங்க. பொம்பளைங்க வீடு பாக்க மேல ஏறினா சீக்கிரம் எறங்க மாட்டாங்க. சமையக்கட்டைப் பாக்கோணும், பாத்ரூம் கொழாயைத் திருகிப் பாக்கோணும், சாமி படத்தை எந்தப் பக்கம் வெக்கறதுன்னு பேசோணும். நாம ரெண்டு பேரும் அங்க போயி நின்னு என்ன பண்றது. என்ர சம்சாரம் துளசிமணி மோர் கரைச்சு வெச்சிட்டுத்தான் உங்க அம்மிணியைக் கூட்டிட்டு மேல போயிருக்கா. இருங்க, ஊத்தறேன்.

எப்பவும் இஞ்சி தட்டிப் போடுவா. இன்னிக்கு என்னமோ போடலை. இடிகல்லு இங்கதான் இருக்குது, அதோட குட்டி உலக்கையைத்தான் காணோம். கழுவி எங்கியாச்சும் காய வெச்சிருப்பா. வெறும் மோரையே குடிங்க, வெயிலுக்கு ஒண்ணும் பண்ணாது.

அதுங்களா? அது கண்ணாடி பீரோவுங்க. இல்லீங்க, நான் எலக்ட்ரீசியனும் இல்லை, பிளம்பரும் இல்லை. வீடு கேட்டு வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்கறாங்க. மத்தவங்க வீட்ல அந்த மாதிரி பீரோவுல பொம்மை வெப்பாங்க, பேரன் வாங்குன கப்பு வெப்பாங்க. நம்ம வீட்ல டூல்ஸ் இருக்குது. தொறந்து பாருங்க, தாராளமாப் பாருங்க. தொட மட்டும் வேண்டாம். கை ஈரம் பட்டா துரு ஏறிக்கும், அதுக்காகச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

என் பேரு சென்னியப்பனுங்க. பஞ்சு மில்லுல ஸ்டோர் கீப்பரா இருந்தேன். சேந்ததுல இருந்து ரிட்டயர் ஆகற வரைக்கும் ஒரே கவுண்டரு, ஒரே கம்பி ஜன்னலு. பிட்டருங்க வந்து பித்தளை டோக்கனை வெப்பாங்க, நான் ஸ்பேனரை எடுத்துக் குடுப்பேன். சாயங்காலம் ஸ்பேனர் திரும்பி வந்தாத்தான் டோக்கன் திரும்பிப் போகும். மேனேஜரே வந்து நின்னாலும் டோக்கன் இல்லாம ஒரு ஆணி குடுத்ததில்லை. எந்த வேலைக்கு எந்த டூலுன்னு கேட்டா தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அந்தப் பிட்டருங்களுக்கு நக்கல் சாஸ்தி. சென்னியப்பண்ணன் கையில எண்ணெய் படாதுடா, ஆனா எண்ணெயோட ஜாதகமே அவருக்குத் தெரியும்பாங்க. சொல்லிட்டுப் போகட்டும். தப்பான டூலை எடுத்துட்டுப் போயி ஜாமானைக் கெடுத்தது பூரா அவிங்கதான், நான் இல்லை.

எதுக்கு இத்தனை டூலுன்னு கேக்கறீங்க. கேளுங்க, கேக்கோணும். எல்லாம் ஒரு கண்ணாடி மாட்டறதுக்குத்தானுங்க. சிரிக்காதீங்க தம்பி. இதைக் கேட்டு எல்லாரும் சிரிக்கறாங்க, எனக்கு வயிறு எரியுது. முழுசாக் கேட்டுட்டு நீங்களே நாயஞ் சொல்லுங்க.

இந்த வீடு கட்டறதுக்கு முந்தி நாங்க வாடகைக் குடித்தனம். நீங்களும் வாடகை வீட்லதான இருக்கறீங்க, உங்களுக்குத் தெரியாததில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் சாவியைக் குடுக்கறப்ப சொல்ற மொதல் வார்த்தை ஒண்ணுதான், செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. அப்ப காலண்டரை எங்கீங்க மாட்டறதுன்னா, ஜன்னல் கம்பி எதுக்கு இருக்குதும்பாங்க. காலண்டரு, கல்யாண போட்டோ, முருகர் படம், என் பொண்ணு ஓட்டப் பந்தயத்துல வாங்குன சர்டிபிகேட்டு, எல்லாமே ஜன்னல் கம்பிலதான் தொங்குச்சு. காத்தடிச்சா குடும்பமே ஆடும்.

அதுலயும் ராமாத்தான்னு ஒரு அம்மா. சிங்காநல்லூர்ல அவ வீட்லதான் ரொம்ப நாள் இருந்தோம். மாசம் பொறந்தா வாடகைக்கு வருவா. வாசல்ல நின்னு வாங்கிட்டுப் போலாமில்ல, மாட்டா. உள்ள வந்து ஒவ்வொரு ரூமாப் போயி செவுத்தை உள்ளங்கையில தடவிப் பாப்பா. மாட்டாஸ்பத்திரி டாக்டரு மாட்டைத் தடவற மாதிரி தடவுவா. நாங்க ஒருக்கா ரகசியமா ஒரு ஆணி அடிச்சோம், பொண்ணுக்குத் தொட்டில் விளையாட்டுச் சாமான் கட்டறதுக்கு. அப்புறம் அந்த ஓட்டையில பல்லு வெளக்கற பேஸ்ட்டை அடைச்சு, மேல சுண்ணாம்பைத் தேச்சு வெச்சோம். ஆராச்சும் கண்டுபிடிப்பாங்களா? அவ கண்டுபிடிச்சா. செவுத்துல மூக்கை வெச்சு மோந்து பாத்துட்டு, என்ன சென்னியப்பா, செவுரு பல்லு வெளக்கியிருக்குதுன்னா. எனக்கு அன்னிக்கே நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல ஆயிருச்சுங்க. எனக்குன்னு ஒரு செவுரு வரட்டும், அப்புறம் பாருன்னு மனசுக்குள்ள கறுவிட்டு வந்தேன்.

இப்ப கண்ணாடிக்கு வர்றேன். துளசிமணிக்கு ஒரு அண்ணன், தாராபுரத்துல பிரேம் போடற கடை வெச்சிருக்கறார். எங்க கல்யாணத்துக்கு அவரே கையால செஞ்சு குடுத்தது. தேக்குச் சட்டம், ஓரத்துல பட்டை தீட்டுன கண்ணாடி, ஒரு ஆளு தூக்க முடியாது. அதை எந்த ஜன்னல் கம்பில மாட்டறது? வந்த நாள்ல இருந்து அது தரையிலதான் நின்னுச்சு, செவுத்துல சாஞ்சாப்புல. நின்னு பாத்தா சேலைக் கொசுவமும் காலும்தான் தெரியும். மூஞ்சி தெரியோணும்னா தரையில உக்காரோணும். துளசிமணி அப்படித்தான் உக்காந்து தலை சீவுவா, உக்காந்து பொட்டு வெப்பா, இத்தனை வருசமும். வயசுல ஒண்ணும் தெரியலை. இப்ப ரெண்டு முட்டியும் தேஞ்சிருச்சு. உக்காந்தா எந்திரிக்கறதுக்குக் கட்டல் காலைப் பிடிச்சுட்டு ஒரு பாடு படறா. பாக்க எனக்கு நல்லாவா இருக்குது?

அதனால வீடு கட்டறோம்னு ஆனதும் அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். கிரானைட் கேக்கலை, மாடுலர் கிச்சன் கேக்கலை. ஏனுங்க, நம்ம செவுத்துல அந்தக் கண்ணாடியை மாட்டிக் குடுத்துருங்க, நான் நின்னுட்டுத் தலை சீவோணும்னா. அவ்வளவுதான். நானும் ஆளை வெச்சு மாட்ட மாட்டேன் துளசி, நானே மாட்டறேன்னு சொன்னேன். சொன்ன சொல்லு சொன்னதுதானுங்க. இன்னிக்கும் நான் மாட்ட மாட்டேன்னு சொல்லலை.

ஆளை வெச்சா என்ன ஆகும் தெரியுங்களா? வருவான், பீடியைக் காதுல சொருகுவான், டிரில்லு மிஷின்ல கையில கெடைச்ச பிட்டை மாட்டுவான், டர்ருனு ஒரு ஓட்டை. பூச்சு ஒரு தட்டு அகலத்துக்குப் பேந்து விழும். கேட்டா, மேல கண்ணாடி வந்து மறைச்சுக்குமுங்கம்பான். மறைச்சா ஆச்சா? உள்ள இருக்கறது இருக்கறதுதான. இந்தச் செவுத்தை நான் அப்படி விட முடியாதுங்க. பூசி முடிச்சதும் இதுக்குத் தண்ணி ஊத்துனது ஆருன்னு நெனைக்கறீங்க? நான். மேஸ்திரி ஆளு போடறேன்னார், வேண்டாம்னுட்டேன். காலையில மில்லுக்குப் போறதுக்கு முந்தி ஒருக்கா, மில்லு விட்டு வந்து ஒருக்கா, பஸ் ஏறி வந்து ஓஸைப் பிடிச்சு நிப்பேன். கீழ இருந்து மேல வரைக்கும், ஒரு எடம் காயாம. கொழந்தையைக் குளிக்க வெக்கற மாதிரிதான் நெனச்சுக்கங்களேன். தண்ணி எறங்கறப்ப செவுத்துல ஒரு வாசம் வரும் பாருங்க, அதை மோந்துட்டு அப்படியே நிப்பேன். ராமாத்தா மோந்தா, அதுவும் இதுவும் ஒண்ணாகுமா.

செரி, டூலுக்கு வருவோம். கண்ணாடி மாட்டறதுன்னா சும்மா இல்லீங்க. மொதல்ல ஒரு டிரில்லு வாங்குனேன், சின்னது, கைக்கு அடக்கமா. கடைக்காரன், இது போதுமுங்க சார், வீட்டு வேலைக்கு இதுக்கு மேல வேண்டாம்னான். நம்பி வாங்கிட்டு வந்து பாத்தா, அது மரத்துக்கும் தகரத்துக்கும் உண்டானது. சும்மா சுத்தும், முன்னால இடிக்காது. செங்கலுக்கு இடிச்சுட்டே சுத்தோணும். செவுத்துல வெச்சுப் பாத்தீங்களான்னு கேக்காதீங்க. செவுத்துல எதுக்கு வெக்கோணும், பின்னால மிச்சக் கல்லு கெடக்குதில்ல, அதுல வெச்சேன். அரை நாள் வெச்சதுக்குக் கல்லுல ஒரு பொட்டு விழுந்துச்சு.

திரும்பவும் கடைக்குப் போனேன். இடிக்கற மிஷின் வாங்குனேன், ஹேமர் டிரில்லு. அந்தா, நடுத்தட்டுல பச்சைப் பொட்டியில இருக்குது பாருங்க, அது. அதைக் கொண்டாந்து இன்னொரு கல்லுல வெச்சேன். வெச்ச வேகத்துல கல்லு ரெண்டாப் பொளந்துருச்சுங்க. கல்லுக்கு இதுன்னா செவுத்துக்கு என்ன ஆகும்? வேகத்தைக் கூட்டிக் கொறைக்கற மாதிரி ஒண்ணு வேணும்னு புரிஞ்சுச்சு. அதுக்கு நான் அலைஞ்ச அலைச்சல் இருக்குதே. கடைக்காரனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. கண்ணாடி மாட்டறதுக்கு எதுக்குங்க சார் இது, இதை வெச்சு நீங்க பாலமே கட்டலாம்ங்கறான். எனக்குச் சுள்ளுன்னு வந்துச்சு. நான் டூல் எடுத்துக் குடுத்த மில்லுல இவன் கூட்டக்கூட லாயக்கில்லை. கடைசியில வாங்குனேன். மேல் தட்டுல துணி போட்டு மூடியிருக்கறது அதுதான்.

மிஷின் வந்துட்டா ஆச்சா? பிட்டு வேணும். கூட வர்ற பிட்டு தகரம், அது முனை மழுங்கிரும். நல்ல பிட்டுன்னு போனா அளவு வருது. ஓட்டைக்குள்ள சொருகற பிளாஸ்டிக் கட்டைக்கு ஒரு மயிரிழை பெருசா ஓட்டை போட்டாக் கட்டை ஆடும், சின்னதாப் போட்டாப் போகாது. அப்புறம் ஸ்க்ரூ. சாதா ஸ்க்ரூ துருப்பிடிச்சு, துரு செவுத்துல கோடா எறங்கும், அதனால துருப்பிடிக்காததா வேணும். கோணலா நேரான்னு பாக்க ரசமட்டம் வேணும். மேஸ்திரிங்க வெச்சிருக்கற ரசமட்டம் கீழ போட்டுக் கீழ போட்டு நடுக்குமிழி பொய் சொல்லும், அதனால புதுசு. செவுத்துக்குள்ள ஒயரு எங்க ஓடுதுன்னு காட்டற மிஷின் ஒண்ணு. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் துணி, ஏணி. ஒவ்வொண்ணையும் தேடித் தேடித்தான் எடுத்தேன். அவசரத்துக்கு எடுத்தது ஒண்ணுகூட இல்லை.

இதுக்கு நடுவால நாளு கெழமைன்னு இருக்குதில்லீங்களா. மிஷின் வந்து சேந்தப்ப ஆடி பொறந்துருச்சு. புது ஆயுதத்தை ஆடியில தொடுவாங்களா? செரின்னு வெச்சுட்டேன். அப்புறம் பாத்தா ஆயுத பூஜை வருது. இத்தனை நாள் பொறுத்தாச்சு, பூஜை போட்டுட்டே ஆரம்பிப்போம்னு, எல்லாத்தையும் எறக்கி எண்ணெய் போட்டுத் தொடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி கடலை படைச்சுக் கும்பிட்டாச்சு. அப்புறம் ஐப்பசி மழை. ஈரச் செவுத்துல ஓட்டை போடக் கூடாதுங்க, கட்டை பிடிக்காது. மழை விட்டா மார்கழி. மார்கழியில ஆராச்சும் மிஷினைப் போட்டு டர்ருன்னு சத்தம் பண்ணுவாங்களா, பக்கத்துல பஜனை மடம் இருக்குது. இப்படியே தள்ளித் தள்ளி அடுத்த ஆயுத பூஜையும் வந்துருச்சு, அதுக்கடுத்ததும் வந்துருச்சு. போன தடவை சந்தனம் கரைச்சுக் குடுத்துட்டே சொல்றா துளசிமணி, இதுங்க வேலை பாத்ததைவிட பூஜை வாங்குனதுதானுங்க சாஸ்தின்னு. பொம்பளைக்குத் தெரியுங்களா, ஆயுதத்துக்கு மரியாதை குடுத்தாத்தான் அது நமக்கு மரியாதை குடுக்கும்னு.

மாட்டறதுக்கே போகலைன்னு நெனைக்காதீங்க. இந்தத் தை மாசம் போனேன். நல்ல நாளு பாத்து, நல்ல நேரம் பாத்து. அவ காலையிலேயே தலைக்குக் குளிச்சு, பொண்ணு எடுத்துக் குடுத்த சேலையைக் கட்டிட்டு வந்து நின்னா. அவளைச் செவுத்தோரம் நிக்க வெச்சு, அவ நெத்தி மட்டத்துக்குப் பென்சில்ல கோடு போட்டேன். அவ உயரத்துக்குச் சரியா இருந்தாத்தான அவ நின்னு பாக்க முடியும். அந்தக் கோடு இன்னும் இருக்குதுங்க, கிட்டப் போயிப் பாருங்க, அந்த சுவிட்ச் போர்டுக்கு வலது பக்கம். தெரியுதுங்களா? தேச்சுராதீங்க.

ஒயர் பாக்கற மிஷினை வெச்சுப் பாத்தாச்சு, ஒயரு இல்லை. ரசமட்டம் வெச்சாச்சு. கண்ணுக்குப் போட்டாச்சு, மூக்குக்குக் கட்டியாச்சு. மிஷினைப் போட்டு, முனையைக் கோட்டு மேல கொண்டு போயி வெச்சேன். நல்ல வழுவழுன்னு வெள்ளையாச் செவுரு, ஒரு கீறல் இல்லை. கொண்டு போயி வெச்சா, பிட்டு ஆடுதுங்க. மிஷினோட வாயில பிட்டைக் கவ்விப் பிடிக்கற எடம் சரியில்லை. லேசான ஆட்டம்தான். ஆனா அந்த ஆட்டத்துல ஓட்டை வட்டமா விழுகாது, நீளமா விழுகும், பூச்சு போயிரும். நான் மிஷினை நிறுத்திட்டு, இது ஆகாது துளசி, வேற மாத்திட்டு வந்து பாக்கலாம்னேன்.

அவ கண்ணாடிச் சட்டத்தை ஒரு கையில பிடிச்சுட்டே நின்னா. அப்புறம் சொல்றா, "ஆடறது மிஷின் இல்லீங்க, உங்க கை."

எனக்குக் கோவம் வருமா வராதா? இத்தனை வருசம் டூலோடயே பொழங்கினவனுக்குக் கை ஆடுதுன்னா என்ன அர்த்தம்? பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனருக்கும் இருபதுக்கும் தொட்டுப் பாத்தே வித்தியாசம் சொல்றவன் நான். கத்திட்டேன். உனக்கு என்ன தெரியும், செவுரு பேந்தா அது பேந்ததுதான், திரும்ப இந்தப் பூச்சு வருமான்னு கத்தினேன். அவ கத்தலை. தரையில நின்ன கண்ணாடியைப் பழையபடி செவுத்துல சாய்ச்சுட்டு, "ராமாத்தாவே தேவலைங்க"ன்னா. "அவ செவுரு அவளுது, அவ பயந்தா. இது என்ர செவுரும்தான?"

கேட்டீங்களா தம்பி. என்னையும் ராமாத்தாவையும் ஒரே தராசுல வெக்கறா. அவ எங்க, நான் எங்க. அவ ஆணியே கூடாதுன்னா. நான் கூடாதுன்னு சொன்னனா? சரியான டூல் வரட்டும்னுதான சொல்றேன். அன்னியில இருந்து இந்தப் பேச்சே அவ எடுக்கறதில்லை. அதுதான் எனக்குத் தாங்கலை. கேட்டுட்டே இருந்தாக்கூடப் பரவாயில்லை. வாய் தொறந்து ஒரு வார்த்தை கேக்காம, காலையில போயித் தரையில உக்காந்து தலையைச் சீவிட்டு, கட்டல் காலைப் பிடிச்சுட்டு எந்திரிக்கறா. எந்திரிக்கறப்ப என்னைப் பாக்கக்கூட மாட்டேங்கறா.

இதுல எதுத்த வீட்டு ஜெயபால் வேற. அவனைப் பாத்திருப்பீங்க, வர்றப்ப கேட்டுல சாஞ்சுட்டு நின்னானே, அவன்தான். புது வீட்டுக்குக் குடி வந்த அன்னிக்கே கருங்கல்லுத் துண்டை எடுத்து வீடு பூரா ஆணி அடிச்சவன். அவிங்க வீட்டுக் கடியாரத்துல மணி பாக்கோணும்னா நாம தலையைச் சாய்ச்சுக்கோணும். அவன் வந்து, ஏனுங்ணா, நான் ஒரு நிமிசத்துல அடிச்சுத் தர்றேன், அக்கா பாவம்ங்கறான். உன்ர கடியாரத்தை மொதல்ல நேரா மாட்டுடான்னு அனுப்புனேன். பொறவு இன்னொரு நாள் வந்து அந்தப் பச்சைப் பொட்டி மிஷினை இரவல் கேட்டான். டோக்கன் இல்லாம குடுத்துப் பழக்கமில்லை எனக்கு. ஸ்கூட்டர் சாவியை வெச்சுட்டு எடுத்துட்டுப் போன்னேன். மூஞ்சியைத் தூக்கிட்டுப் போயிட்டான். இப்ப பேச்சில்லை. ஆனா அவன் சம்சாரமும் துளசிமணியும் நல்ல தோஸ்து. இன்னிக்குக் காலையிலகூட நான் ரேசன் கடைக்குப் போயிட்டு வர்றேன், ரெண்டு பேரும் மாடிப்படியில மூச்சு வாங்க உக்காந்துட்டு குசுகுசுன்னு என்னமோ பேசிட்டிருந்தாங்க. என்னைப் பாத்ததும் பேச்சை நிறுத்திட்டாங்க.

விடுங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. லேசர் மட்டம்னு ஒண்ணு வருது, தெரியுங்களா? செவுத்துல செவப்பாக் கோடு போட்டுக் காட்டும். பென்சிலே வேண்டாம், ரசமட்டமும் வேண்டாம். சொல்லி வெச்சிருக்கறேன், அது வந்துட்டா அடுத்த நாளே மாட்டிருவேன். கவ்விப் பிடிக்கற எடத்தையும் மாத்தியாச்சு. இனிமே எந்தக் குத்தமும் சொல்ல முடியாது.

வாங்க, அந்தக் கண்ணாடியவே காட்டறேன். பாத்தாத்தான் உங்களுக்குப் புரியும், என்ன கனம், என்ன வேலைப்பாடுன்னு. இந்த ரூம்லதான், கட்டலுக்குப் பக்கத்துல, தலை சீவினதும் போர்வை போட்டு மூடி வெச்சிருப்பா. பாத்து வாங்க, நெலப்படி ஒசரம்.

எங்க போச்சு? போர்வை மட்டும் கெடக்குது.

நேத்துச் சாயங்காலம்கூட இங்கதான் இருந்துச்சு. தொடைக்கறதுக்கு எடுத்து வெளிய வெச்சிருப்பாளோ. ஒத்தையாளாத் தூக்க முடியாதுங்களே அதை. என்னமோ, வரட்டும் கேப்போம். வீட்டுக்குள்ளதான இருக்கும், எங்க போயிரும். வாங்க, வந்து உக்காருங்க.

செரி தம்பி, நம்ம பேச்சுக்கு வருவோம். உங்களைப் பாத்தா நல்ல குடும்பமாத் தெரியுது. பள்ளிக்கூட வாத்தியார்னீங்க, அது ஒண்ணு போதும். மேல காத்தோட்டம் நல்லா இருக்கும். மோட்டாரைக் காலையில நான் போட்டு உடுவேன், நீங்க தொட வேண்டாம். கேட்டை ராத்திரி நீங்க பூட்டினாலும் சரி, நான் பூட்டினாலும் சரி. துணி மொட்டை மாடியில காயப் போட்டுக்கங்க. வேற ஒண்ணும் பெருசாக் கண்டிசன் இல்லை. ஒண்ணே ஒண்ணு, செவுத்துல ஆணி மட்டும் அடிக்க வேண்டாம். காலண்டர் மாட்டறதுக்கு ஜன்னல் கம்பி இருக்குது.

ஏன் சிரிக்கறீங்க? இல்லீங்க, சொல்லுங்க, எதுக்குச் சிரிச்சீங்க?

அடிச்சுக்கலாம்னு சொன்னாளா? ஆரு, துளசிமணியா? எப்பச் சொன்னா? போன்லயா? நீங்க வீடு கேட்டுப் போன் பண்ணப்பவேவா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. எத்தனை ஆணி வேணும்னாலும் அடிச்சுக்கங்கன்னாளா. ஒரு கண்டிசன் வேற போட்டாளா? என்ன கண்டிசன்? உங்களுக்குத் தெரியாதா, அம்மிணிகிட்டத்தான் சொன்னாளா. அம்மிணி உங்ககிட்டச் சொல்லலையா. ரெண்டு பேருக்குள்ள அப்படி என்னங்க ரகசியம், வாடகை விடறது நானு.

இருங்க. பேசாதீங்க. அது என்ன சத்தம்?

மேலதான் கேக்குது. ஆணி அடிக்கற சத்தம்ங்க அது. நிறுத்திட்டாங்க. திரும்பவும் அடிக்கறாங்க. சுத்தி இல்லீங்க இது, சுத்தின்னா சத்தம் கணீர்னு விழுகும். என்ர சுத்தி பூரா இந்தா பீரோவுல வரிசையா இருக்குது. இது மொத்தமா விழுகுது, கீழ்க்கனமா, கட்டையா. கேளுங்க, கேளுங்க. எனக்குத் தெரியாத சத்தமா. இடிகல்லு உலக்கைங்க தம்பி அது. இஞ்சி தட்டற உலக்கை.

உங்க அம்மிணி ஆணி அடிப்பாங்களா? அடிப்பாங்களா. செரி. ஆணியை ஆரு பிடிச்சுட்டு நிக்கறாங்களோ. துளசியாத்தான் இருக்கும். கையில பட்டுருமே. இல்லை, அடிக்கறது அவளாட்டத்தான் தெரியுது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவால இடைவெளி பாருங்க, தோசைக்கல்லைக் கழுவினாலும் துணி துவைச்சாலும் அவளுக்கு அதே தாளம்தான். அம்மிணி கண்ணாடியைப் பிடிச்சுட்டு நிக்கறாங்களோ என்னமோ.

இப்பப் புரியுதுங்க, காலையில ஜெயபால் சம்சாரமும் அவளும் படியில எதைத் தூக்கிட்டு ஏறி மூச்சு வாங்குனாங்கன்னு. வீடு உங்களுக்கு, செவுத்துல கண்ணாடி அவளுக்கு. தெனமும் காலையில மாடியேறி வந்து உங்க வீட்ல நின்னு தலை சீவிட்டுப் போவா. அதுதான் கண்டிசன். முட்டி வலிக்க அத்தனை படி ஏறிப் போயி, வாடகைக்கு விட்ட செவுத்துல மூஞ்சி பாக்கறேங்கறா. கீழ என்ர செவுத்துல பென்சில் கோடு அப்படியே இருக்கட்டும்னு உட்டுட்டா.

இந்தச் சத்தம் ஹாலுல, கெழக்குச் செவுத்துல. அந்தச் செவுத்துக்கும் நான்தானுங்க தண்ணி ஊத்துனேன். மேல இருக்கறதுனால வெயில் சாஸ்தி, அதுக்கு மட்டும் சாக்கை நனைச்சுக் கட்டி வெச்சேன். தாங்கும். என்ன அடிச்சாலும் தாங்கும். பூச்சு விழுந்த சத்தம் ஒண்ணும் கேக்கலை பாருங்க.

நீங்க போங்க தம்பி, போயிப் பாருங்க. நான் வரலை. நான் படியேறற சத்தம் கேட்டா நிறுத்திருவா. பாதியில நிறுத்தினா ஆணி உள்ள போயி நிக்காது. முழுசா அடிச்சு முடிக்கட்டும்.

ஒரு நிமிசம். பீரோவுல கீழ் தட்டுல அந்த மஞ்சக் கலர் ரசமட்டம் இருக்குது பாருங்க, அதை எடுத்துட்டுப் போங்க. அவ கோணலா மாட்டிருவா, அவளுக்கு நேரு தெரியாது. சட்டத்து மேல வெச்சுக் குமிழி நடுவுல நிக்குதான்னு பாத்துக்கங்க. அப்புறம் அவளை முன்னால நிக்கச் சொல்லி, நெத்தி தெரியுதான்னு கேளுங்க. குனியாமத் தெரியோணும். நான் குடுத்து விட்டேன்னு சொல்ல வேண்டாம்.

எடுங்க. தொடலாம், எடுங்க. டோக்கனெல்லாம் ஒண்ணும் வேண்டாம் தம்பி, கொண்டு போங்க.